தம்புக் கரடியின் தலை

எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஸ்டேஷனில் கேட்டார்கள், டீக்கடையில் கேட்டார்கள், மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பையன் என் தையல் மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டான். அந்தக் கரடித் தலையைக் கழற்றி, நான் இன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே, ஏன் சொல்லவில்லை? ஜோனத்தான் அண்ணனைத் தெரியாதவர்கள் கேட்கிற கேள்வி இது. அவர்களுக்காகத்தான் சொல்கிறேன். நடுவில் எனக்குக் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் குல்ஷன். பம்மலில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார் எல்லாம் தைப்பேன் என்றாலும் என் அடுப்பு எரிவது பொம்மை டிரஸ்ஸால்தான். பிறந்தநாள் விழாவிலும் கடைத் திறப்பு விழாவிலும் ஆள் உள்ளே புகுந்து ஆடுகிற கரடி, முயல், யானை இதெல்லாம் பார்த்திருப்பீர்களே, அது. சேலையூரில் ஈவென்ட் கம்பெனி நடத்துகிற ஷ்யாம்சுந்தருக்கு எல்லா பொம்மையும் நான் தைத்ததுதான். அவனிடம் தம்புக் கரடிக்குள் புகுந்து ஆடியவர் ஜோனத்தான் அண்ணன்.

தம்புக் கரடி ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி.யில் வரும். இப்போது முப்பத்தைந்து நாற்பது வயதில் இருப்பவர்களுக்குத் தெரியும். மஞ்சள் நிறம், பானை மாதிரி தொப்பை, ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். வாயில் பல்லே கிடையாது. சிரிப்பு என்றால் ஒரு வளைந்த கோடு, அவ்வளவுதான். அது பேசவும் பேசாது. சந்தோஷம் வந்தால் தொப்பையில் இரண்டு தட்டு, துக்கம் வந்தால் மடிந்த காதைப் பிடித்துக்கொள்ளும். சத்துமாவு டப்பா வாங்கினால் ரப்பர் தம்பு ஒன்று இலவசம் என்று கொடுத்தார்கள். வயிற்றை அமுக்கினால் கீச்சென்று கத்தும். எங்கள் வீட்டில் டப்பா வாங்க வழியில்லை, பக்கத்து வீட்டுத் தம்புவை அமுக்கிவிட்டு வருவேன்.

அண்ணன் முன்னால் தோல் கம்பெனியில் இருந்தவர். கம்பெனி மூடியபிறகு வாட்ச்மேன் வேலை, தண்ணீர் கேன் போடுகிற வேலை என்று அலைந்து, கடைசியில் ஷ்யாம்சுந்தரிடம் வந்து சேர்ந்தார். முதல்முறை அளவெடுத்தபோது அவர் வயிற்றைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணா, உங்களுக்குப் பஞ்சே வேணாம், துணிய மட்டும் போத்திட்டா தம்பு ரெடி" என்றேன். "எம் பொண்டாட்டி சோத்த இன்னான்னு நெனச்ச நீ?" என்று தொப்பையில் இரண்டு தட்டுத் தட்டினார். அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போயிற்று.

பொம்மைக்குள் போகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே இருக்கும்போது பேசக்கூடாது, பிள்ளைகள் பார்க்கத் தலையைக் கழற்றக்கூடாது. எல்லாரும் இதைச் சொல்வார்கள், ஒருத்தரும் உருப்படியாகக் கடைப்பிடிக்கமாட்டார்கள். கேக் வெட்டி முடித்ததும் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிரியாணி வரிசையில் நிற்கிற முயலை நானே பார்த்திருக்கிறேன். அண்ணன் அப்படியில்லை. "தலைய மாட்னா வாய மாட்டிக்கணும்" என்பார். குரோம்பேட்டையில் ஒரு மண்டபத்தில், சித்திரை வெயிலில், கரண்ட் வேறு போய் மயங்கி விழுந்துவிட்டார். தூக்கப் போனவர்கள் தலையைக் கழற்றப் பார்த்தால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவேயில்லையாம். பிள்ளைகளை வெளியே அனுப்பியபிறகுதான் கையை எடுத்தார். அதற்கப்புறம் என்னிடம் வந்து, முதுகுப் பக்கம் இருக்கிற ஸ்பான்ஜை எல்லாம் எடுத்துவிட்டுக் காற்று வருகிற மாதிரி வலைத்துணி வைத்துக் கொடு என்று கேட்டார். வைத்துக் கொடுத்தேன். வெளியே மஞ்சள் ரோமம் மூடியிருக்கும், உள்ளே வெறும் வலை.

அவர் மனைவி தபீதாள் அக்கா. ஒரு கிறிஸ்துமஸுக்கு சர்ச் வாசலில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்த தம்புவைப் பார்த்து, "என்னாங்க, மாத்திர போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். தம்பு திரும்பவேயில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் சண்டை. "அத்தினி புள்ளைங்க எதுர்க்க என்ன என்னாங்கன்ற! தம்புக்குப் பொண்டாட்டி கீறாளா?" என்று ஒரே சத்தம். அக்கா என் கடைக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நானும் ஒருநாள் கேட்டேன். ஏண்ணா இவ்வளவு பிடிவாதம், பிள்ளைகளுக்குத் தெரிந்தால்தான் என்ன? "தோல் கம்பெனில இருந்தப்ப பஸ்ல எம்பக்கத்துல எவனும் குந்தமாட்டான் குல்ஷன். எவ்ளோ சோப்பு போட்டாலும் அந்த வாட போவாது. எங்க அண்ணன் புள்ளைங்களே மூக்கப் பொத்திகினு ஓடுங்க. இதுக்குள்ள பூந்தா, யார் பெத்த புள்ளைங்களோ, ஓடியாந்து கட்டிக்குதுங்க. கயட்டிட்டா நான் யாரு?" என்றார். நூல் கோர்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அப்புறம் தம்புவைப் பெற்ற கம்பெனிக்காரர்களுக்குப் புத்தி கெட்டது. காலத்துக்குத் தகுந்த மாதிரி மாற்றுகிறோம் என்று புது தம்புவைக் கொண்டுவந்தார்கள். தொப்பை போயிற்று, மடிந்த காது நிமிர்ந்துகொண்டது, காலில் ஷூ, கையில் செல்போன். வாயைத் திறந்தால் மூடாமல் பேசுகிறது, அதுவும் பாதி இங்கிலீஷ். ஜிம்முக்குப் போய்வந்த மாமா மாதிரி இருக்கிறதே தவிர கரடி மாதிரி இல்லை. ஷ்யாம்சுந்தர் அதற்கு ரெடிமேட் டிரஸ் ஒன்று ஆன்லைனில் வாங்கி ஒல்லியாக ஒரு ஆளையும் பிடித்தான். அண்ணனைப் பழைய தம்புவுக்கென்று தனியாக வைத்துக்கொண்டான். அப்பா அம்மாக்கள் அதைத்தான் விரும்பிக் கேட்டார்கள். பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் புதிதாக முளைத்த அபார்ட்மெண்டுகளில், குழந்தை பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருக்க, பெற்றவர்கள் கரடியைக் கட்டிக்கொண்டு செல்ஃபி எடுப்பார்கள். அண்ணனுக்கு அது பிடிக்காது. "பெர்சுங்களுக்கு ஆடவா வந்தேன்?" என்று முணுமுணுப்பார்.

அதுவும் ஓய்ந்து இன்னொன்று கிளம்பியது. எவனோ ஒரு வேலையற்றவன் கம்ப்யூட்டரில் பழைய தம்புவையே எடுத்து, கண்ணைச் சுற்றிக் கறுப்படித்து, வாய் நிறையக் கூர்கூராகப் பல் வைத்து, ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கிற மாதிரி வீடியோ போட்டான். அது ஊரெல்லாம் பரவியது. பெரிய பையன்கள் அதை வைத்துச் சின்னப் பிள்ளைகளை அழவைத்தார்கள். தூங்காத பிள்ளைக்கு அம்மாமார்களே அதைக் காட்டினார்கள். உங்கள் சின்ன வயதில் உங்களைச் சிரிக்கவைத்த பொம்மையை எடுத்து உங்கள் பிள்ளையையே பயமுறுத்த எப்படித்தான் மனசு வருகிறதோ! அது முடிவதற்குள் வாட்ஸப்பில் ஒரு ஆடியோ வந்தது. கரடி வேஷம் போட்டு ஒரு கும்பல் பிள்ளை பிடிக்கிறதாம், தாம்பரம் பக்கம் இறங்கியிருக்கிறதாம், எல்லா குரூப்பிலும் அனுப்புங்களாம். என் கடைக்கு வந்த மூன்று பேரிடம் இது புளுகு என்று சொல்லிப் பார்த்தேன். மூன்று பேரும் தலையாட்டிவிட்டு வெளியே போய் அடுத்தவருக்கு அனுப்பினார்கள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஷ்யாம்சுந்தர் கடைக்கு வந்தான். பெருங்களத்தூரில் ஒரு அபார்ட்மெண்டில் பத்து வயசுப் பையனுக்குப் பிறந்தநாள், பேய்த் தம்புதான் வேண்டும் என்கிறானாம்.

"அக்கா, இருக்கிற டிரஸ்லயே கண்ணுக்கு பிளாக் அடிச்சு, ஒரு செட் பல்லு வச்சுக் குடுங்க. ஈஸி வேலைதான்."

பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். முகம் சுருங்கிவிட்டது.

"வாணாம் சார். சின்னப் புள்ளைங்க மெர்சலாயிடும்."

"ஜோனத்தான் அண்ணா, இப்ப பசங்களுக்கு இதுதான் பிடிக்குது. பழைய தம்புவ யாரும் புக் பண்றதில்ல. இதுவும் இல்லன்னா அந்த டிரஸ்ஸ மடிச்சு உள்ள வைக்க வேண்டியதுதான்."

டிரஸ்ஸை மடித்து வைத்தால் ஆளையும் மடித்து வைத்த மாதிரிதான். ஷ்யாம்சுந்தர் போனபிறகு அண்ணன் மெதுவாகக் கேட்டார். "குல்ஷன், பல்ல ஒட்டிடாத. கொக்கி வச்சிக் குடு. குட்டிப் புள்ள எதுனா கிட்ட வந்தா டக்குன்னு கயட்டி வயித்துப் பையில போட்டுக்குவேன்." வெள்ளை ரெக்ஸினில் பல் வெட்டி, ஜாக்கெட் கொக்கி வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அந்தப் பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பிறகு ஸ்டேஷனில் கேட்டார்கள், பல்லை ஏன் ஒளித்து வைத்தான் என்று.

சனிக்கிழமை சாயங்காலம். ஊருக்குப் போகிற கூட்டம் முழுக்கப் பெருங்களத்தூரில்தான் நின்றது. பஸ் வந்தால் போதும், பெட்டியும் பிள்ளையுமாக ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஓடினார்கள். அந்த அபார்ட்மெண்டில் வேலைக்கு வருகிறவர்கள் பாத்ரூமைத் தொடக்கூடாது என்று அசோசியேஷன் உத்தரவு. அதனால் ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில், பண்டிகைக்காக மூடிக் கிடந்த பஞ்சர் கடைக்குப் பின்னால்தான் அண்ணன் உடை மாற்றினார். நான்தான் முதுகு ஜிப்பை இழுத்துவிட்டேன். பல்லை மாட்டி, கொக்கி விடுகிறதா என்று இழுத்துப் பார்த்தேன். அதற்குள் ஹாலில் பின்னால் தொங்குகிற திரை கிழிந்துவிட்டது, ஊசிநூலோடு ஓடி வாருங்கள் என்று ஷ்யாம்சுந்தர் போன் செய்தான். நான் முன்னால் போனேன். இரண்டு தெருதான், அவர் பின்னால் வந்துவிடுவார்.

அவர் வரவில்லை.

நடந்ததை பஸ் ஸ்டாப்பில் பூ விற்கிற அம்மா பிறகு எனக்குச் சொன்னாள். பஞ்சர் கடை ஓரத்தில் நாலு வயசுப் பையன் ஒருத்தன் அம்மாவைத் தொலைத்துவிட்டு ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தானாம். அத்தனை ஜனத்தில் ஒருவர்கூட நிற்கவில்லை, இவளும் வியாபாரத்தில் இருந்தாள். சந்திலிருந்து கரடி வந்தது. பையனைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டு வாயில் கையை வைத்து எதையோ பிடுங்கி வயிற்றுக்குள் போட்டது. அப்புறம் மண்டிபோட்டு உட்கார்ந்து மடிந்த காதைப் பிடித்துக்கொண்டது. பையன் அழுகையை நிறுத்தி, "தம்பு!" என்றான். அவன் அப்பா பழைய படத்தை எல்லாம் போட்டுக் காட்டியிருப்பார் போல. கரடி தொப்பையில் இரண்டு தட்டுத் தட்டிக் கையை நீட்டியது. சிக்னல் பக்கம் போலீஸ் பூத் இருக்கிறது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார்கள்.

பத்தடி போயிருக்கமாட்டார்கள். பைக்கில் வந்த ஒருத்தன் நிறுத்தி, "யோவ், யார் புள்ள அது?" என்றான். கரடி பூத்தைக் கைகாட்டியது. "வாயத் தொறந்து சொல்லுடா!" கரடி மறுபடியும் பூத்தைக் காட்டியது. கண்ணைச் சுற்றிக் கறுப்பு. எல்லார் போனிலும் இருக்கிற அதே முகம். யாரோ "புள்ள புடிக்கிறவன்" என்று கத்தினார்கள். அதைச் சொல்லும்போது பூக்காரம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் யார் கத்தியது என்று கேட்கவில்லை.

கூட்டம் கூடியதும் பையன் பயந்து கரடியின் காலைக் கட்டிக்கொண்டான். "தலையக் கயட்றா!" என்றார்கள். கரடி குனிந்து பையனைப் பார்த்தது. பிறகு இரண்டு கையாலும் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டது. போதாதா? தப்பு செய்தவன்தான் முகத்தை மறைப்பான் என்று எல்லாருக்கும் முடிவாகிவிட்டது. ஹெல்மெட்டால் ஒருத்தன் ஆரம்பித்தான். அண்ணன் பையனைப் பூக்காரம்மா பக்கம் தள்ளிவிட்டுக் குப்புற விழுந்தார். முன்பக்கம் தொப்பை முழுக்கப் பஞ்சு. அடி விழுந்ததெல்லாம் முதுகில்.

அண்ணனைக் காணோமே என்று நான் ஓடி வந்து கூட்டத்துக்குள் புகுந்தபோது அடி நின்றிருந்தது, பையனின் அம்மாவும் வந்துவிட்டாள். ப்ரியா என்று பெயர். பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பையன் வாயிலிருந்து வார்த்தை வந்திருந்தது: "தம்பு அம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன்னான்." ஒரு வார்த்தை பேசாத கரடி அப்படிச் சொன்னதாக அந்தப் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது. மீசை வைத்துக்கொண்டு நின்ற இத்தனை பேருக்குப் புரியவில்லை. அடித்தவர்கள் ஒவ்வொருவராகப் பஸ் வந்த மாதிரி கலைந்துகொண்டிருந்தார்கள்.

அண்ணனைப் புரட்டிப் போட்டேன். மூச்சு கரகரவென்று வந்தது. காற்று வரட்டும் என்று தலையைக் கழற்றப் போனேன். அவர் இரண்டு கையும் மேலே வந்து தலையைப் பிடித்துக்கொண்டது. என் பலம் முழுக்க இழுத்தேன், வரவில்லை. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பையன் அம்மா தோளிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"புள்ளைய அந்தாண்ட கூட்டிகினு போம்மா!" என்று கத்தினேன். ஏன் கத்துகிறேன் என்று தெரியாமல் ப்ரியா விழித்தாள். என் துப்பட்டாவை உருவி மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, "போங்கன்றேன்ல!" என்று இன்னொரு தரம் கத்தினேன். அவள் பையனைத் தூக்கிக்கொண்டு பஸ்களுக்குப் பின்னால் போனாள். "போயிட்டான்ணா, ஒருத்தரும் பாக்கல" என்று குனிந்து சொன்னேன். கை தளர்ந்தது. அடியில் நசுங்கிய தலை கழன்று வரவில்லை. ஊசிநூலோடு வந்த கத்திரியாலேயே நான் தைத்த கழுத்துத் தையலைப் பிரித்தேன். உள்ளே அண்ணன் முகம் வியர்வையும் ரத்தமுமாக இருந்தது. எதையோ சொல்ல வாயைத் திறந்தார். ரத்தம்தான் வழிந்தது.

விலா எலும்பு நாலைந்து உடைந்து நுரையீரலில் குத்தியிருக்கிறது என்றார்கள். குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஒருதரம் கண்ணைத் திறந்து தபீதாள் அக்காவைப் பார்த்தார். பேச்சு வரவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள், ஊரெல்லாம் வெடிச் சத்தம் கேட்கத் தொடங்கியபோது போய்விட்டார். சிலரைப் பிடித்திருக்கிறார்கள். பேய்த் தம்பு வீடியோ போட்டவனை யாரும் பிடிக்கவில்லை. அவன் இப்போது வேறு ஏதோ பொம்மைக்குப் பல் வைத்துக்கொண்டிருக்கிறான். ஷ்யாம்சுந்தர் அடக்கத்துக்கு வந்து நிஜமாகவே அழுதான். போகும்போது, இனி கரடியே வேண்டாம் அக்கா, வேறு ஏதாவது யோசிப்போம் என்றான். அந்த இடத்திலேயே நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். என்ன கேட்டேன் என்று இங்கே சொல்லமுடியாது.

வீட்டில் தனியாக இருக்க முடியாமல் தபீதாள் அக்கா இப்போதெல்லாம் பகலில் என் கடைக்கு வந்துவிடுகிறாள். பட்டன் வைத்துக் கொடுப்பாள், இல்லாவிட்டால் சும்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போன வாரம் ப்ரியா விசாரித்துக்கொண்டு அங்கே வந்தாள். பையனையும் அழைத்து வந்திருந்தாள். விட்டுவிட்டு வர யாருமில்லை என்றாள். அக்காவின் காலில் விழப் போனாள், அக்கா பிடித்து நிறுத்தி ஸ்டூலில் உட்காரவைத்தாள்.

பையன் அனிருத், கடையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தான். மூலையில் கிடந்த மஞ்சள் ரோமத்துணி மிச்சத்தைத் தடவிப் பார்த்தான்.

"இது தம்புவோட துணி."

"ஆமா" என்றேன்.

"தம்புவ எல்லாரும் அடிச்சாங்க ஆன்ட்டி. டம் டம்முன்னு அடிச்சாங்க. ஆனா அவன் அழவே இல்ல."

ப்ரியா பதறிப்போய் அவன் வாயைப் பொத்தப் போனாள். அவன் தலையைத் திருப்பிக்கொண்டு, என்னை விட்டுவிட்டு, தபீதாள் அக்கா முன்னால் போய் நின்றான்.

"அவனுக்கு வலிச்சிருக்காதுல்ல? உள்ள பஞ்சுதானே?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பஞ்சா? உள்ளே இருந்தது யார் தெரியுமா என்று வாய்வரை வந்துவிட்டது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். சர்ச் வாசலில் ஒரு வார்த்தை வாய்தவறிக் கேட்டதற்கு இரண்டு நாள் சோறு தின்னாத மனுஷனோடு குடும்பம் நடத்தியவள்.

"ஆமா கண்ணு" என்றாள். "உள்ள பஞ்சுதான்."

பையன் தலையாட்டினான். தன் சின்ன வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டு அம்மாவிடம் ஓடினான்.